யாருடைய குடிகள்?



ஓமந்தையில் உள்ள ஒரு விவசாயியிடம் வாடைக்காற்றைப் பற்றிக் கேட்டால், அவர் தமது குளத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். வடகீழ்த் திசையிலிருந்து வரும் அக்காற்று மழையைக் கொணர்ந்து குளத்தை நிரப்பினாலன்றிக் காலபோகம் இல்லை. அதே காற்றைப் பற்றி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மேற்கிந்தியாவின் கட்ச் நாட்டிலே மாண்டவித் துறைமுகத்து வணிகர் ஒருவரிடம் கேட்டிருந்தால், அவர் சன்சிபார்த் தீவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார். வாடை வீசும் மாதங்களில் பாய் விரித்தால் கப்பல் ஆபிரிக்கக் கரையை அடையும். சோளகம் எழும்போது திரும்பினால் அதே கப்பல் வீடு வந்து சேரும். போகும்போது துணியும் மணியும். வரும்போது யானைத் தந்தமும் கராம்பும். இடையிலே, ஆபிரிக்கக் கரையோரமாக வடக்கே அரபு நாட்டை நோக்கிச் செல்லும் பாய்க்கப்பல்களில் வேறொரு சரக்கும் ஏறியது. அது மனிதர்.

அம்மனிதருள் ஒரு பகுதியினர் இந்திய வணிகரின் வீடுகளிலும் தோட்டங்களிலும் அடிமைகளாக இருந்தனர். சட்டப்படி அவர்கள் அடிமைகளாக இருத்தல் இயலாது. ஆயினும் இருந்தனர். அவர்களை விடுவிக்கப் பிரித்தானியத் தூதுவர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டு காலம் செய்த முயற்சியும், அம்முயற்சி ஒரு சிறு கேள்வியிலே சிக்கித் தடுமாறிய வரலாறுமே இன்றைய பேச்சின் பொருளாகும். அக்கேள்வி இதுதான்: அந்த வணிகர் யாருடைய குடிகள்?

முதலில் இடத்தைக் காண்போம். சன்சிபார் ஆபிரிக்காவின் கீழ்க்கரைக்கு அண்மையிலுள்ள தீவு. யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின், 1698இல், ஓமான் நாட்டு அரபியர் மொம்பாசாக் கோட்டையிலிருந்து அதே போர்த்துக்கேயரை விரட்டினர். பின்னர் ஓமானின் அரசர் செய்யிது சயீது என்பார் 1840 அளவில் தமது அரசிருக்கையையே மஸ்கற்றிலிருந்து சன்சிபாருக்கு மாற்றிக் கொண்டார். தீவெங்கும் கராம்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகச் சந்தைக்கு வந்த கராம்பில் மிகப் பெரும் பங்கு அத்தீவினதும் அயலிலுள்ள பெம்பாத் தீவினதுமே. நம்முடைய பாட்டிமார் வெற்றிலையில் குத்தி மடித்த கராம்பிலும் அங்கிருந்து வந்தவை இருந்திருக்கலாம். மரத்திலேறிக் கராம்பு மொட்டைப் பறிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெருநிலத்தின் உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டான்.

கண்டியிலிருந்து ஓமந்தையூடாக யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமானது. அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தை, நியாசா ஏரிப் பகுதியில் பிடிபட்டவர்கள், கழுத்தில் கவைக்கட்டையும் தலையிலே தந்தச் சுமையுமாக நடந்து கில்வாத் துறைமுகத்தை அடைந்தனர். நடக்க முடியாதவர் வழியிலே விடப்பட்டனர். 1859ஆம் ஆண்டில் மாத்திரம் சன்சிபார்ச் சுங்கத்தில் 19,000 அடிமைகள் இறங்கியதாகப் பிரித்தானியத் தூதுவர் தமது அறிக்கையிலே குறித்தார். சுங்கத்தில் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் தீர்வை உண்டு. அத்தீர்வையை வசூலிக்கும் குத்தகையை 1830களிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பெற்றிருந்தது சுல்தானின் அரபு அதிகாரிகள் அல்லர். ஜெயராம் சிவஜி என்ற கட்ச் நாட்டு வணிகரின் நிறுவனமே. தந்தத்துக்கு இவ்வளவு, கராம்புக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கேட்டில் ஒரே கை எழுதியது.

இவ்வணிகரை அரக்கராக எண்ணுதல் பிழை. அவர்களுட் பலர் பாட்டியா வகுப்பு வைணவர், புலால் உண்ணாதவர், எறும்புக்கும் அரிசிமா இடும் மரபினர். இசுலாமிய கோஜா வணிகரும் போராக்களும் இருந்தனர். சொற்சுத்தமும் கணக்குச் சுத்தமும் உள்ளவர்கள் என்று அவர்களோடு வணிகம் செய்த அமெரிக்கரும் ஐரோப்பியரும் மதித்தனர். அவர்களிடம் அடிமைகள் எவ்வாறு சேர்ந்தனர் என்றால், பெரும்பகுதி கடனால் சேர்ந்தனர். அரபுத் தோட்டக்காரர் ஆடம்பரமாக வாழக் கடன் வாங்கினர். தோட்டத்தை அடைமானம் வைத்தனர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒற்றி, ஈடு என்றால் என்ன என்பது யாவர்க்கும் தெரியும். அங்கே ஒற்றிக் காணி கைமாறும்போது அதிலுள்ள மரங்களோடு ஆட்களும் கைமாறினர். வட்டிக் கணக்கை எழுதிக் கொண்டிருந்த வணிகர், ஒருநாள் விடிந்தபோது அறுபது, எழுபது மனிதர்க்கு உடையவராக இருந்தார். அதன்பின் அவராகவே வாங்கவும் தலைப்பட்டார்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம். பிரித்தானியப் பாராளுமன்றம் 1807இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. 1833இல் அடிமைத்தனத்தையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. மேற்கிந்தியத் தீவுகளில் இலட்சக்கணக்கானோர் அதனால் விடுதலை பெற்றனர் என்று பாடநூல்கள் போற்றும் சட்டம் அதுவே. ஆனால் அச்சட்டத்தின் 64ஆம் பிரிவை எந்தப் பாடநூலும் மாணவர்க்கு வாசித்துக் காட்டுவதில்லை. கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், சென் ஹெலினாத் தீவுக்கும் இச்சட்டம் செல்லாது என்பதே அப்பிரிவு.

ஆம், இலங்கையில் அடிமைத்தனம் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. எந்தெந்தச் சாதியார் அவ்விதிகளுக்கு உட்பட்டனர் என்பதை இங்கே பெயர் கூறத் தேவையில்லை, கேட்போர் அறிவர். பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன், இளமையில் மதுரையிலே வளர்ந்து தமிழ் கற்றவர், அடிமைகளை உடைய யூரிமாரைத் தாமாகவே இணங்கும்படி செய்து, 1816ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரராவர் என்று தீர்மானம் எடுப்பித்தார். 1821இல் வந்த ஒழுங்குவிதி ஒன்றன்படி, வடபகுதியில் அடிமைச் சாதிகளிற் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கம் விலை கொடுத்து விடுவித்தது. விலை, சாதியைப் பொறுத்து மூன்று அல்லது இரண்டு இறைசால். பிறந்த குழந்தைக்கு விலையிலும் சாதி பார்த்த அந்தக் கணக்கு நம் மண்ணிலே எழுதப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், சன்சிபார் வணிகரின் கணக்கேட்டைப் பார்த்து மூக்கில் விரல் வைக்க மனம் வராது. இலங்கையில் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால்.

அதற்கு முந்திய ஆண்டு, 1843, நம் கதைக்கு முக்கியமானது. அவ்வாண்டிலே இந்தியாவில் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒரு மனிதனை அடிமையென்று உரிமை கோரி எவரும் நீதிமன்றம் செல்ல முடியாதென்றாயிற்று. அதே ஆண்டில் இலண்டனில் நிறைவேறிய வேறொரு சட்டம், பிரித்தானியக் குடி எவராயினும், உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும், அடிமைகளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. ஆகவே, சன்சிபாரிலே வாழ்ந்த இந்திய வணிகர் பிரித்தானியக் குடிகளாயின், அவர்கள் அதன்பின் வாங்கிய அடிமைகள் சட்டத்துக்கு மாறாகவே வாங்கப்பட்டவர்கள். அந்த ஆபிரிக்கர் உழைத்த ஒவ்வொரு நாளும் சட்டவிரோதமான நாள். அதை அவர்கள் அறியார். அறிந்தவரோ பேசவில்லை.

சன்சிபாரில் முதலாவது பிரித்தானியத் தூதுவராக 1841இல் வந்தவர் ஹமேட்டன் என்னும் கப்டன். அவர் சுல்தான் சயீதின் நண்பர். அவருடைய பெருஞ் சாதனை, 1845இல் சுல்தானோடு செய்து 1847 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தமாகும். ஆபிரிக்கக் கரையிலிருந்து அரபு நாட்டுக்கு அடிமைகளை ஏற்றுதல் கூடாது என்றது அது. ஆனால், சுல்தானின் ஆபிரிக்கப் பகுதிகளுக்குள், கில்வாவிலிருந்து லாமு வரை, ஏற்றிச் செல்லலாம் என்று இடமும் விட்டது. வேலியிட்டுக் கடப்பை மாத்திரம் திறந்து வைத்தது போலாயிற்று. லாமுவுக்கென்று அனுமதி பெற்ற கப்பல், சோளகக் காற்றில் லாமுவைத் தாண்டிப் போய்விடும். இந்தியரிடமிருந்த அடிமைகள் பற்றிய சட்டமோ, ஹமேட்டன் காலத்தில் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. 1857இல் அவர் இறந்தார். ஓராண்டு காலம் அந்தப் பதவி வெறுமையாக இருந்தது.

1858 யூலையில் வந்தவர் கிறிஸ்தோபர் பாமர் றிக்பி. பம்பாய்ப் படையைச் சேர்ந்த அதிகாரி. மொழிகளில் அசாதாரணமான ஆற்றல் உடையவர்; குஜராத்தி, மராத்தி, கன்னடம், பாரசீகம், அரபு முதலியவற்றில் தேர்ச்சி பெற்றவர்; சோமாலி மொழிக்கு இலக்கணக் குறிப்பு வரைந்தவர். மொழியறிவு இங்கே அலங்காரமன்று. வணிகரோடு அவர்களுடைய மொழியிலேயே பேச அவரால் முடிந்தது. மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் நாக்குக்குள் மறையக்கூடிய உண்மைகள் அவரிடம் மறையவில்லை.

காலமும் அவருக்குத் துணை செய்தது. சயீது 1856இல் கடற்பயணத்திலே காலமானார். அவர் மக்களுள் மஜீது சன்சிபாரிலும் துவைனி மஸ்கற்றிலும் ஆண்டனர். 1859இல் துவைனி தம்பி மீது படையெடுக்க முயன்றபோது அதைத் தடுத்தது பிரித்தானியக் கப்பல். அதே ஆண்டில் இன்னொரு தம்பியாகிய பர்காஷ் தீவிலேயே கலகம் விளைத்தபோது அதை அடக்க உதவியதும் பிரித்தானிய மாலுமிகளே. பர்காஷ் பம்பாய்க்கு நாடு கடத்தப்பட்டார். அந்தப் பெயர் நினைவிலிருக்கட்டும், மீண்டும் வரும். மஜீதின் அரியணை இவ்வாறு பிரித்தானியரின் தோளில் நின்றது. தம் குடிகளின் அடிமைகளை விடுவிக்கப் போவதாக றிக்பி சொன்னபோது, சுல்தானால் மறுக்க இயலவில்லை. இராசதந்திரம் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் வேறு. துறைமுகத்திலே ஒரு போர்க்கப்பல் நிற்கையில் அதற்குப் பொருள் வேறு.

1860ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றிக்பி செயலில் இறங்கினார். தீவிலும் கரையிலும் வாழ்ந்த இந்தியர் யாவரும் தம் அடிமைகளை விடுவித்தல் வேண்டும். இனி வாங்குதலோ விற்றலோ கூடாது. மீறுவோர் தண்டனைக்கு உரியர். வணிகர் முதலில் நம்பவில்லை. சிலர் கோட்டைச் சிறைக்குப் போனபின் நம்பினர். நாள்தோறும் தூதுவர் மனையின் வாசலில் ஆபிரிக்கர் திரண்டனர். ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் அவர் சுதந்திர மனிதர் என்று காட்டும் பத்திரம் வழங்கப்பட்டது. இவ்வாறு விடுதலை பெற்றவர்கள் பல ஆயிரவர்.

2002ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் ஓமந்தையில் இயங்கிய சோதனைச் சாவடியிலே, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வெயிலில் வரிசையாக நின்றவர்களுக்கு, முத்திரை குத்திய ஒரு துண்டுக் காகிதம் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. சன்சிபாரில் நின்ற வரிசை வேறு வகையானது. அது விடுதலைக்கு நின்ற வரிசை. ஆயினும் காகிதம் இல்லாதவன் வழியில் மடக்கப்படுவான் என்ற அச்சம் அங்கும் இருந்தது. பத்திரத்தைத் தொலைத்தவனை மீண்டும் பிடித்துக் கொண்டுபோய் விற்பதற்குத் தீவிலே ஆட்கள் இருந்தனர். ஆதலால் வாசிக்கத் தெரியாத அம்மக்களுக்கு அந்த எழுத்தே காவலாயிற்று.

இந்நிலையில் றிக்பி இன்னொரு முனையிலும் போராட வேண்டியிருந்தது. இந்து சமுத்திரத்தில் பிரெஞ்சுக்காரருக்கு றியூனியன் என்ற தீவு உண்டு. அங்கே 1848இல் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். எனவே ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கி, கப்பலேற்றும் முன் ‘சம்மதமா?’ என்று கேட்டு, ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர் மாற்றி அழைத்துச் சென்றனர். கவைக்கட்டையைக் கழற்றிய மறுகணமே கேட்கப்படும் கேள்விக்கு எவன் மறுமொழி சொல்வான்? இது வேறு பெயரில் நடக்கும் அடிமை வாணிகமே என்று றிக்பியும் பிறரும் எழுதிய முறைப்பாடுகள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றன. ஈற்றில் பிரான்சு ஆபிரிக்கரைச் சேர்ப்பதைக் கைவிட இணங்கியது. ஆனால் ஒரு விலைக்கு இணங்கியது. 1860, 1861ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின்படி, பிரித்தானிய இந்தியாவிலிருந்து கூலிகளைச் சேர்க்கும் உரிமை பிரான்சுக்குக் கிடைத்தது. அதன்பின் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து கப்பலேறியவர்களுட் பெரும்பாலோர் தமிழர். 1882இல் இந்திய அரசு அதை நிறுத்தும் வரை அப்பயணம் நடந்தது. இன்றும் றியூனியனில் தீமிதிப்பும் காவடியும் நடப்பது இவ்வாறே. ஆபிரிக்கனை விடுவித்த பேனா, அவன் விட்டுச்சென்ற இடத்திலே தமிழனை எழுதி வைத்தது. ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல என்பது உண்மை. அவனுக்குக் கூலி உண்டு, காலவரை உண்டு. எனினும் பேரம் பேசிய மேசையில் இருவரும் ஒரே நிறையில் வைக்கப்பட்டனர் என்பதும் உண்மையே.

றிக்பி நோயுற்று 1861இல் சன்சிபாரை விட்டுச் சென்றார். அடுத்து வந்த பெல்லி என்பவர் கோப்புகளை நுணுகிப் படிப்பவர். அவர் கேட்டதுதான் நாம் தொடக்கத்திற் கண்ட கேள்வி. இவ்வணிகருள் மிகப் பலர் கட்ச் நாட்டவர். கட்ச், பம்பாய் மாகாணத்தின் பகுதியன்று. ராவ் என்ற பட்டமுடைய மன்னர் ஆளும் சமஸ்தானம். 1819இல் கும்பனியோடு செய்த ஒப்பந்தப்படி அது பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்ததேயன்றிப் பிரித்தானிய நிலமாகவில்லை. அவ்வாறாயின் அந்நாட்டு மக்கள் மகாராணியாரின் குடிகளா? தூதுவர் மனையில் வந்து தம்மைப் பதிவுசெய்துகொண்டவர் மாத்திரம் நம் பாதுகாப்புக்கு உரியர். ஏனையோர் விரும்பினால் சுல்தானின் குடிகளாக வாழட்டும் என்று பெல்லி முடிவு செய்தார்.

சட்ட அறிவுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் அதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. கடனை வசூலிக்கவும், கப்பலுக்குக் காவல் பெறவும் பிரித்தானியக் கொடி வேண்டும். அடிமையை வைத்திருக்கச் சுல்தானின் கொடி வேண்டும். வணிகர் பலர் இரண்டையும் நிறுத்துப் பார்த்தனர். பதிவேட்டிலே பெயர் எழுதாமல் விடுவதே இலாபம் எனக் கண்டனர். எல்லைக் காணிக்காரன் வரி கேட்கும்போது ஒரு கச்சேரியையும், நீர் கேட்கும்போது மறு கச்சேரியையும் சொந்தம் கொண்டாடுவது போன்றது இது. விடுதலைப் பத்திரம் பெற்றவர்கள் விடுதலை பெற்றவர்களாகவே இருந்தனர். ஆனால் புதியவர்கள் மீண்டும் வாங்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே மொழி பேசும் இரு கடைக்காரரின் வீடுகளில், ஒரு வீட்டு ஆபிரிக்கன் சுதந்திரன், மறு வீட்டு ஆபிரிக்கன் அடிமை என்ற நிலை தோன்றியது. வேறுபாடு எங்கே? அவன் பிறப்பிலன்று, செயலிலன்று; தன் எசமான் எந்த ஏட்டில் கையொப்பமிட்டான் என்பதிலே.

பின்வந்த தூதுவர்களாகிய பிளேபெயரும் சேர்ச்சிலும் இம்முடிவை மாற்ற அரும்பாடுபட்டனர். கடிதங்கள் சன்சிபாரிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றன. வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். கட்ச் நாட்டு மன்னரையே கேட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1869இல் ராவ் பிராக்மல்ஜி ஓர் அறிவித்தல் விடுத்தார். வெளிநாடுகளில் வாழும் தம் மக்கள், அடிமை வாணிகத்தைப் பொறுத்தமட்டில், பிரித்தானியக் குடிகளைப் போலவே நடத்தப்படுவர் என்பதே அதன் சாரம். தம் மன்னரின் சொல்லை மறுக்க வணிகருக்கு வழியில்லை. பீரங்கி முழங்காமல், ஒரு சிறு சமஸ்தானத்தின் அரண்மனையிலிருந்து வந்த ஓலை, இலண்டன் வழக்கறிஞர்களால் அவிழ்க்க முடியாத முடிச்சை அவிழ்த்தது. இவ்வரலாற்றை எழுதும் ஆங்கில நூலாசிரியர்கள் இதனை அரை வரியிலே கூறிவிட்டு அப்பாற் செல்வர். அது நியாயமன்று.

அதன் பிறகு நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1871 யூலையில் நியங்குவே என்னும் ஊர்ச் சந்தையில் அடிமை வாணிகர் நிகழ்த்திய படுகொலையைக் கண்ட லிவிங்ஸ்ரன் எழுதிய கடிதங்கள் மறு ஆண்டில் வெளியாகி இங்கிலாந்தை உலுக்கின. முன்னர் பம்பாய் ஆளுநராக இருந்த சேர் பார்ட்டில் பிரியர் தூதுக்குழுவுடன் 1873 தையில் சன்சிபாரில் இறங்கினார். அங்கே அப்போது சுல்தான் யார்? பம்பாய்க்கு நாடு கடத்தப்பட்டிருந்த பர்காஷ். 1872 ஏப்ரிலில் வீசிய பெருஞ் சூறாவளி அவருடைய கப்பல்களை உடைத்து, கராம்புத் தோட்டங்களை வேரோடு சாய்த்திருந்தது. இருப்பதையும் இழந்த வேளையில் இதையும் கேட்பதா என்று அவர் மறுத்துவிட்டார். பிரியர் வெறுங்கையோடு புறப்பட்டார். முற்றுகையிடுவோம் என்ற செய்தியை இலண்டன் அனுப்பியது. அதைச் சுல்தானிடம் சொல்லும் பொறுப்பு தூதுவர் ஜோன் கேர்க்கின் மேல் விழுந்தது. 1873 யூன் 5ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அடிமைச் சந்தை மூடப்பட்டது. இந்தியச் சமஸ்தானங்களின் மக்கள் அடிமைகளை உடைமையாக வைத்திருத்தலைப் பிரித்தானிய அரசு தடுக்கும் என்றும் அவ்வொப்பந்தத்தின் ஒரு பிரிவு கூறியது. முப்பதாண்டுக் கேள்விக்கு ஒரு பிரிவிலே விடை. மூடிய சந்தை நிலத்தில் அவ்வாண்டு நத்தார் தினத்திலே ஒரு தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நிலத்தின் ஒரு பகுதியை நன்கொடையாக வழங்கியவர் ஓர் இந்து வணிகர்.

காகிதம் பெற்றவர்கள் எங்கே போயினர்? ஊருக்குத் திரும்பியிருப்பர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிறு வயதிலே பிடிபட்டு மாதக் கணக்கில் நடந்து வந்தவனுக்கு ஊர் எத்திசை என்று தெரியாது. தெரிந்தாலும் அவ்வழி, பிடிப்பவர் நிற்கும் வழி. பெரும்பாலோர் அதே தோட்டங்களிலும் துறைமுகத்திலும் கூலிக்கு வேலை செய்தனர். கடலிலே கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட வேறு பலர் ஏடனுக்கும், செசெல்ஸ் தீவுகளுக்கும், பம்பாய்க்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பம்பாயில் இறக்கப்பட்ட சிறுவர் சிலர் நாசிக் நகருக்கு அண்மையில் மிஷன் பாடசாலையிலே தச்சும் கொல்லும் எழுத்தும் பயின்றனர். அவ்வாறு பயின்ற ஜேக்கப் வெயின்றைற் என்ற இளைஞர், 1873இல் லிவிங்ஸ்ரன் ஆபிரிக்காவின் உள்நாட்டிலே இறந்தபோது அருகிருந்து இறுதி வாசகம் படித்தார். தோழருடன் உடலைக் கரைக்குச் சுமந்து வந்து, 1874 ஏப்ரிலில் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அப்பேழையைத் தாங்கியவர்களுள் ஒருவராகவும் நின்றார். விடுவிக்கப்பட்டவர்களுள் பெயர் எஞ்சியவர் மிகச் சிலர். அவர் அவர்களுள் ஒருவர்.

இந்தியரின் வீடுகளில் இருந்த ஆபிரிக்கர் விடுதலை பெற்றனர். அரபியரின் தோட்டங்களில் இருந்தவரோ சுல்தானின் குடிகளுக்கு உரியவர். அவர்களுக்கு அந்த வாதம் செல்லவில்லை. 1890இல் சன்சிபார் பிரித்தானியப் பாதுகாப்பு நாடாயிற்று. வணிகரைச் சிறையிலிட்ட அரசே இப்போது தீவின் காவலராகியும், அடிமைத்தனம் உடனே ஒழியவில்லை. தோட்டங்கள் பாழாகும், வருமானம் குன்றும் என்றனர். ஏழு ஆண்டுகள் சென்றன. 1897 ஏப்ரில் 6ஆம் திகதி வந்த கட்டளையும், அடிமையாக இருப்பவன் தானே நீதிமன்றத்துக்கு வந்து விண்ணப்பித்தால் விடுதலை என்றது. எசமானுக்கு நட்டஈடு உண்டு. விண்ணப்பித்தவன் தனக்கு இருப்பிடமும் பிழைப்பு வழியும் உண்டென்று காட்டவேண்டும். வீட்டுக்குள் ஆசைநாயகியராக வைக்கப்பட்டிருந்த பெண்கள் அக்கட்டளையிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுக்கும் கதவு திறந்தது 1909ஆம் ஆண்டில். றிக்பி தமது வாசலிலே பதிவேட்டை விரித்து வைத்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின்.